கேன்டீன் பாய் நடத்திய பரேடு

மங்கலம்பேட்டையில் பரக்கத்துல்லாவோடு பத்தாம் வகுப்புப் படித்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் சவுதிக்கும் குவைத்துக்கும் விமானம் ஏறினார்கள். பரக்கத்துல்லா மட்டும் ராணுவத்துக்கு ரயில் ஏறினார். துப்பாக்கி பிடிக்கிற ஆசையில்தான் போனார். ஆள் எடுக்கிற மைதானத்தில் அந்தப் பட்டியல் நிரம்பிவிட்டது, சமையல்காரர் பட்டியலில் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார்கள். திரும்பி ஊருக்கு வந்தால் அண்ணன்மார்கள் விசாவோடு காத்திருப்பார்கள் என்று தெரியும். வருகிறேன் என்றார்.

பதினேழு வருஷம் ஒரே பட்டாலியன். எண்ணூறு பேருக்கு சப்பாத்தி போட்டார். பனியில் கேஸ் உறைந்த இடங்களில் டீ கொதிக்க வைத்தார். பாலைவனத்தில் மாவோடு மணல் கலக்காமல் பிசையக் கற்றுக்கொண்டார். எல்லாம் சரி, ஒரு குறை மட்டும் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் ரெய்சிங் டே பரேடை, அதாவது பட்டாலியன் உருவான நாளில் நடக்கும் அணிவகுப்பை, அவர் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

காரணம் எளிது. காலை எட்டு மணிக்குப் பரேடு. மதியம் படா கானா என்கிற பெரிய விருந்து. அன்று ஒருநாள் அதிகாரிகளே கரண்டி பிடித்து சிப்பாய்களுக்குப் பரிமாறுவார்கள். அது பட்டாலியனின் வழக்கம். அவர்கள் பரிமாற வேண்டுமென்றால் யாராவது சமைத்திருக்க வேண்டுமே. மைதானத்தில் பாண்டு முழங்கும்போது பரக்கத்துல்லா சுவருக்கு இந்தப் பக்கம் அண்டாவுக்கு முன்னால் நின்றிருப்பார். வெங்காயப் புகை கண்ணில் ஏற, காது மட்டும் மைதானத்தில் இருக்கும்.

ஓய்வு பெற்று வந்து ஏழு வருஷம் ஆகிறது. விருத்தாசலத்தில் வீடு. விருத்தகிரி என்பவரின் பீங்கான் கம்பெனியில் கேன்டீன் நடத்துகிறார். டீ கப்பும் ஊறுகாய் ஜாடியும் செய்கிற சிறிய கம்பெனி. முப்பது பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அங்கே அவருக்குப் பெயரே கேன்டீன் பாய்தான்.

சென்ற மே மாதம் எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம், ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பரக்கத்துல்லா சாம்பாருக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்பதை மறந்து மூன்று நாள் இரண்டு தடவை போட்டார். பட்டாலியன் முன்னால் போய்விட்டது என்று மட்டும் தெரியும். எங்கே என்று தெரியாது. வியாழக்கிழமை காலை பத்து மணி டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பழைய யூனிட்டின் சுபேதார் மேஜர். பரக்கத்துல்லா போனைக் காதில் வைத்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நின்றார்.

"பரக்கத்து, எங்க இருக்கேன்னு கேக்காதே, சொல்லமாட்டேன்."

"கேக்கல சாப்."

"சனிக்கிழமை ரெய்சிங் டே. ஞாபகம் இருக்குதா?"

"அதெப்படி சாப் மறக்கும்?"

"பட்டாலியன் பொறந்ததுலேர்ந்து ஒரு வருஷம்கூட பரேடு நின்னதில்ல. இப்ப இங்க நடத்த வழியில்ல. கமாண்டிங் ஆபீசர், நம்ம சி.ஓ. சாப், சொல்லிட்டாரு. ரிட்டயர் ஆன நம்மாளுங்க மூணு பேரு எங்க ஒண்ணா சேர முடியுமோ, அங்க நடத்தணும். நான் நாலஞ்சு ஊருக்குப் பேசிட்டேன். ஒருத்தன் பொண்ணு கல்யாணம்ங்கறான், ஒருத்தன் மலேசியாவுல இருக்கான். உங்க பக்கத்துல மூணு பேரு இருக்கீங்க. நடத்துவீங்களா?"

"நடத்திடுவோம் சாப்!" என்று பரக்கத்துல்லா கத்தியதில், கப்புகளைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு ஓடினார். அவர் மனைவி கமருன்னிசா தையல் மெஷினில் இருந்தாள். யூனிட்டிலிருந்து போன் என்றதும் அவள் முகம் வெளுத்தது.

"என்னங்க, மறுபடியும் கூப்பிடுறாங்களா? நாப்பத்தஞ்சு வயசுல, சக்கரை வேற இருக்குது..."

"கூப்பிடுறாங்கதான். சண்டைக்கு இல்ல, பரேடுக்கு!"

"பரேடுக்கு எங்க போவணும்?"

"எங்கயும் போவ வேணாம். பரேடுதான் விருத்தாசலத்துக்கு வருது!"

கமருன்னிசா அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மற்ற இருவரும் அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தார்கள். திட்டக்குடியிலிருந்து சாமிக்கண்ணு, ஓய்வு பெற்ற ஹவில்தார், மூவரிலும் மூத்தவர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து நடராசன், ஓய்வு பெற்ற நாயக், இப்போது நெல்லும் கரும்பும் போடுகிறார். பரேடுக்குத் தளபதி சாமிக்கண்ணுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சாமிக்கண்ணு மட்டும் சட்டைப்பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். தொண்டையில் அறுவை செய்து மூன்று வாரம்தான் ஆகிறது. கத்தக் கூடாது.

"அப்ப நடராசன்," என்றார் பரக்கத்துல்லா.

"நான் கொடி தூக்கறேன்," என்றார் நடராசன் அவசரமாக. "என் கொரல் எங்க வூட்டு மாட்டுக்கே கேக்காது."

இருவரும் பரக்கத்துல்லாவைப் பார்த்தார்கள். சாப்பாடு தயார் என்று அவர் சமையலறை வாசலில் நின்று குரல் கொடுத்தால் கால் கிலோமீட்டர் தள்ளி வாலிபால் ஆடுகிறவன் பந்தை விட்டுவிட்டு ஓடி வருவான். அந்தக் குரலை இருவரும் மறந்திருக்கவில்லை.

"நானா?" என்றார் பரக்கத்துல்லா. "நான் பரேடைப் பாத்ததே இல்லண்ணே!"

அதற்குள் மற்ற இருவருக்கும் வேறு சண்டை வந்துவிட்டது. உயிர் கொடுத்தவர்களின் பெயர்களைப் படிப்பது மார்ச் பாஸ்டுக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றார் நடராசன். பின்னால் என்று சாமிக்கண்ணு பேப்பரில் எழுதிக் காட்டி, அடியில் இரண்டு கோடு போட்டார். வருஷா வருஷம் வரிசையில் நின்றவர்கள்தான் இருவரும். நில் என்றால் நின்றார்கள், நட என்றால் நடந்தார்கள். எது முதல், எது பிறகு என்று மனசில் வைத்துக்கொள்ளும் வேலை அவர்களுக்கு இருந்ததில்லை.

பரக்கத்துல்லா கண்ணை மூடிக்கொண்டார். விரல் விட ஆரம்பித்தார்.

"கொடி உள்ள வரும்போது ஒரு பாட்டு வாசிப்பாங்க. அப்ப நான் வெங்காயம் போடுவேன். சி.ஓ. சாப் வந்து சலாமி வாங்கறப்ப இஞ்சி பூண்டு. அவரு வரிசையை சுத்திப் பாக்கும்போது மெதுவா ஒரு டியூன் வரும் பாருங்க, அதுல தக்காளி நல்லா வதங்கிடும். அப்புறம் மார்ச் பாஸ்ட், வேகமான பாட்டு. கறியை அள்ளிக் கொட்டிக் கிளறுவேன். அது முடிஞ்சு பாண்டு அடங்கிடும். பேரு படிப்பாங்க. ஒவ்வொரு பேரும் காதுல விழணும்னு அடுப்பைக் கொறைச்சு வச்சுருவேன். கடைசியா எல்லாரும் மூணு தடவை முழங்குவாங்க. அரிசி போட்டு மூடி தம் போடுவேன். ஜன கண மன. கரண்டியோட அட்டென்ஷன்ல நிப்பேன்."

சாமிக்கண்ணு பேப்பரில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். பதினேழு வருஷத்துப் பரேடும் ஒரு பிரியாணிக்குள் முழுசாக இருந்தது.

இடம் கொடுத்தார் விருத்தகிரி. கம்பெனி முற்றத்தில் இரண்டு பக்கமும் ராக்குகளில் சுடாத கப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் நாற்பதடி அகலத்துக்கு வெற்றிடம். "தாராளமா நடத்துங்க பாய், நாட்டுக்காக எவ்வளவோ பேரு என்னென்னமோ செய்யறாங்க," என்றவர், ஒரு நிமிஷம் கழித்துத் தயங்கினார். "ஒண்ணு மட்டும். காலை ஓங்கி மிதிக்காதீங்க. எல்லாம் பச்சை மாலு. அதிர்ந்தா விரிசல் வுட்டுரும்."

"ராணுவத்துல காலை மெதுவா வைக்க முடியாதுங்களே..."

"செருப்பைக் கழட்டிட்டு நடங்களேன்?"

வெள்ளிக்கிழமை ஒத்திகை. மூன்று பேர் மட்டும் முற்றத்தில் நடப்பதைப் பார்த்துவிட்டு, கப்புகளுக்குப் பிசிறு எடுக்கும் பிரிவின் அம்புஜவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். வாய்த்துடுக்கு, மனசு தங்கம்.

"பாய், இது பரேடா? மூணு பேரு கோயிலைச் சுத்தற மாதிரி இருக்குது. நாங்களும் நிக்கறோம்."

சாமிக்கண்ணு பலமாகத் தலையாட்டினார், கூடாது என்று. சிவிலியன்கள் நிற்பது வழக்கமில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லவும் பார்த்தார்.

"அண்ணே," என்றார் பரக்கத்துல்லா, "பதினேழு வருஷம் எனக்கு நிக்க எடம் கெடைக்கல. சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். வரட்டும்ணே."

சாமிக்கண்ணு சிறிது நேரம் மீசையைத் தடவினார். பிறகு கையை விரித்து, வரிசை எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார்.

இருபத்தாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். இடது கால், வலது கால் என்பதில்தான் எல்லாம் குழம்பியது. லெஃப்ட் என்றால் பாதிப் பேர் வலது காலை எடுத்தார்கள், மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தார்கள். அம்புஜவல்லிதான் வழி கண்டுபிடித்தாள்.

"இந்தாங்கடி, வேலையில எந்தக் கையில கப்பு புடிக்கிறோம்?"

"இந்தக் கை."

"பஞ்சு?"

"இந்தக் கை."

"அவ்ளோதான். கப்பு, பஞ்சு! கப்பு, பஞ்சு!"

இடது கையில் கப்பைப் பிடித்து வலது கையில் ஈரப் பஞ்சால் துடைத்தே பழகியவர்கள். கப்பு, பஞ்சு என்று சொன்னதும் இருபத்தாறு ஜோடிக் கால்களும் ஒன்றாக எழுந்தன. நடராசன் வாயைப் பிளந்தார். பட்டாலியனிலேயே இவ்வளவு சுத்தமாக நடந்து பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தார்.

நிறுத்துவதற்கு ஹிந்தியில் கட்டளை, 'தம்'. பரக்கத்துல்லா வயிற்றிலிருந்து குரலெடுத்து, "பரேட், தம்!" என்றார். வரிசை நிற்கவில்லை. சிரிப்பில் கலைந்தது.

"இப்பவே தம் போட்டா எப்படி பாய், அரிசி வெந்துடுச்சா?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டளையைக் கொடுக்கும்போதெல்லாம் பரக்கத்துல்லாவுக்கே உதடு துடித்தது.

பாண்டுக்குப் பச்சமுத்துவின் கல்யாண பாண்டு செட்டு. பட்டாலியன் மார்ச்சுக்கு நோட்டு கிடையாது. பரக்கத்துல்லா வாயால் பாடிக் காட்ட, பச்சமுத்து டிரம்பட்டில் பிடித்துக்கொண்டார். டியூன் அப்படியே வந்தது. டிரம் அடிக்கிறவர்தான் பாதியில் பழக்கதோஷத்தில் மாப்பிள்ளை ஊர்வல அடிக்குப் போய்விடுவார். கப்பு, பஞ்சு என்று போய்க்கொண்டிருந்த வரிசை தோளைக் குலுக்க ஆரம்பிக்கும்.

கமருன்னிசா பட்டாலியன் கொடி தைத்தாள். சாமிக்கண்ணு வண்ணத்தைப் பேப்பரில் எழுதிக் கொடுத்தார், மெரூனும் பச்சையும். தன் நிக்காஹ் பட்டிலிருந்தே மெரூன் துணியை வெட்டினாள். "இருபது வருசமா பெட்டியில மடிச்சே கெடந்துச்சு. பட்டாலியனுக்காவது ஆவட்டும்," என்றாள். விருந்துச் சமையலையும் அவளே ஏற்றுக்கொண்டாள். நாற்பது பேருக்கு பிரியாணி. பரக்கத்துல்லாவுக்கு அதில்தான் உள்ளூர உதறல். ரெய்சிங் டேயில் அண்டா வேறு கையில் இருப்பது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. பரக்கத்துல்லா வெள்ளைச் சட்டை, தொப்பி, நெஞ்சில் இரண்டு மெடலோடு முற்றத்தின் நடுவில் நின்றார். அவருக்கு எதிரே நீல ஏப்ரனில் இருபத்தாறு பெண்கள், முழங்கைவரை வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. நடராசன் கோட்டுப் பட்டன் மாட்டாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொடியோடு நின்றார். சலாமி வாங்குவதற்கு மரப்பலகை மேடையில் சாமிக்கண்ணு. ராக்குகளுக்கு நடுவில் விருத்தகிரி, இரண்டு கையையும் விரித்து, விழுகிற கப்பைப் பிடிக்கத் தயாராக. கல்லூரியில் படிக்கும் பரக்கத்துல்லாவின் மகள் பாஹிமா, சுபேதார் மேஜருக்கு அனுப்புவதற்காகச் செல்போனில் வீடியோ எடுத்தாள்.

பரக்கத்துல்லா நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். சாவ்தான் என்று சொல்ல வேண்டும். கவனம் என்று பொருள். வாயைத் திறந்தார். பதினேழு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"கானாஆஆ, தையார்!"

சாப்பாடு தயார். நடராசனும் சாமிக்கண்ணும் தங்களை அறியாமல் சமையலறைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டார்கள். அடுப்படியிலிருந்து கமருன்னிசாவின் குரல் வந்தது. "இன்னும் வெங்காயமே போடலைங்க!"

முற்றம் முழுக்கச் சிரித்தது. பச்சமுத்து டிரம்பட்டுக்குள் சிரித்ததில் அது வாத்து மாதிரி கத்தியது. பரக்கத்துல்லாவும் சிரித்தார். சிரித்து முடித்தபோது பயம் போயிருந்தது. அடுத்து வந்த "சாவ்தான்!" பாலக்கரை வரைக்கும் கேட்டது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

கொடி வந்தது. மெரூன் பட்டு வெயிலில் மினுங்கியது. வெங்காய வாசனை சரியாக அந்த நேரத்தில் காற்றில் எழுந்தது. சலாமி, இஞ்சி பூண்டு. பரக்கத்துல்லா பரேடையும் நடத்தினார், மூக்கால் அண்டாவையும் கண்காணித்தார். மேடையிலிருந்து இறங்கி சாமிக்கண்ணு வரிசையைச் சுற்றிப் பார்த்தார். அம்புஜவல்லியின் முன்னால் நின்று, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த களிமண்ணைக் காட்டி முறைத்தார். அவள் அசையாமல் நின்றாள். கண் மட்டும் சிரித்தது.

பிறகு மார்ச் பாஸ்ட். "கப்பு, பஞ்சு! கப்பு, பஞ்சு!" டிரம்காரர் இந்தத் தடவை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகவில்லை. முதல் சுற்றில் எல்லாரும் விருத்தகிரிக்காகப் பூனை மாதிரி அடி வைத்தார்கள். இரண்டாவது சுற்றில் பாட்டு ஏற ஏற, கால்கள் தன்பாட்டுக்கு ஓங்கின. ராக்கில் கப்புகள் கிணுகிணுத்தன. பரக்கத்துல்லா ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தார். விருத்தகிரி ராக்கை விட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் தானும் சேர்ந்து எல்லாரையும்விட ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார்.

"பரேட், தம்!"

ஒரே அடியில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

பாண்டு அடங்கியது. பரக்கத்துல்லா பெயர்களைப் படித்தார். பதினோரு பெயர்கள். ஐந்து பெயர்கள் அவர் சேர்வதற்கு முந்திய காலத்தவை. ஆறாவது பெயருக்கு வந்ததும் குரல் தடுக்கியது. லான்ஸ் நாயக் தங்கமணி. சமையலறை ஜன்னலில் தட்டை நீட்டி, "பரக்கத்து அண்ணே, அடியில புடிச்ச காந்தல் இருக்குதா?" என்று கேட்பவன். அவனுக்காகவே பரக்கத்துல்லா வேண்டுமென்று கொஞ்சம் அடிபிடிக்க விடுவார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேடையிலிருந்து, கத்தக் கூடாது என்று டாக்டர் சொன்ன தொண்டையால், சாமிக்கண்ணு அந்தப் பெயரைச் சொன்னார். கரகரவென்று வந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. பரக்கத்துல்லா கண்ணைத் துடைக்காமல் ஏழாவது பெயருக்குப் போனார்.

கடைசியில் மூன்று முழக்கம். அண்டா பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய கமருன்னிசா முந்தானையை இடுப்பில் செருகியபடி முற்றத்து ஓரத்தில் நின்று, கூட்டத்தோடு முழங்கிக்கொண்டிருந்தாள். "நீங்க பதினேழு வருசம் பாக்காம வுட்டீங்க, நான் ஒரு நாளும் வுடமாட்டேன்," என்று அப்புறம் சொன்னாள். ஜன கண மன முடிவதற்குள் கறி கருகும் வாசனை தாராளமாக வந்துவிட்டது. யாரும் அசையவில்லை.

விருந்தில் வழக்கப்படி தளபதிதான் பரிமாற வேண்டும். பரக்கத்துல்லா மெடல்களோடு கரண்டி பிடித்தார். அடி நன்றாகவே பிடித்திருந்தது. நடராசன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்று தடவை வாங்கினார். கப்புகளை எண்ணிப் பார்த்ததில் நான்கில்தான் விரிசல். "அது என் கால்தான்," என்று விருத்தகிரியே ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம் டிவியில் செய்தி வந்தது. சண்டை நிற்கிறது என்றார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பட்டாசு வெடித்தது. அம்புஜவல்லி வீடு தேடி வந்து வாசலிலேயே அறிவித்தாள். "பாத்தீங்களா பாய், நம்ம பரேடு வீடியோவைப் பாத்துட்டு பயந்துட்டாங்க!"

பரக்கத்துல்லாவால் பதில் சொல்ல முடியவில்லை. மத்தியானத்திலிருந்தே குரல் முழுசாகப் போய்விட்டது. கமருன்னிசா மிளகுக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சுபேதார் மேஜர். பரக்கத்துல்லா எழுந்து விறைப்பாக நின்று, காற்று மட்டும் வரும் தொண்டையால் ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டு, போனை மனைவியிடம் நீட்டினார்.

"அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க. நான் அவரு வூட்டுல பேசறேன்."

"அம்மா, வீடியோ பாத்தோம். பங்கர்ல நாப்பது பேரு ஒரே போன்ல பாத்தோம். கப்பு, பஞ்சுன்னா என்னம்மா? இங்க பசங்க எல்லாம் அதையே சொல்லிட்டு நடக்கறானுங்க."

கமருன்னிசா சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"சி.ஓ. சாப் ரெக்கார்டுல எழுதச் சொல்லிட்டாரு. இந்த வருஷத்து ரெய்சிங் டே பரேடு நடந்த இடம், விருத்தாசலம். பரேடு கமாண்டர், பரக்கத்துல்லா. பரக்கத்துகிட்ட சொல்லுங்க."

"அவரு பக்கத்துலதாங்க நிக்கறாரு. கேட்டுட்டாரு." அவள் கணவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் ஆட்டி, எதுவும் சொல்லாதே என்பது போல ஜாடை காட்டினார். அவள் கவனிக்காதது போல் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லணுங்க. அடுத்த வருசம் அங்கயே பரேடு நடக்கும் இல்ல? எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுடுங்க. சமையலுக்கு மட்டும் வேற ஆளை வச்சுக்குங்க. நாங்க ரெண்டு பேரும் முன்வரிசையில ஒக்காந்து பாக்கணும்."

"கண்டிப்பா வாங்கம்மா," என்றார் சுபேதார் மேஜர்.

பரக்கத்துல்லா கட்டிலில் உட்கார்ந்தார். உடம்பு முழுக்கக் குலுங்கியது. என்னவோ ஏதோ என்று பயந்து அம்புஜவல்லி அவர் தோளைப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் துளிகூட வரவில்லை.